இரண்டு இரும்புக் கதவு

அருமைநாதன் வேலை முடிந்து வந்தால் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைய முடியாது. சுரங்கக் கம்பெனி லைன் வீடுகளின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, முருங்கை மரத்தடியில் நின்று, காக்கிச் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி அங்கே தொங்கும் கோணிப்பைக்குள் போட வேண்டும். அப்புறம் இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சலோமி கதவை ஒருக்களித்து நீட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே வரலாம். தங்கவயலில் குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்கும் குடுமிப்பிடி சண்டை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் தலையில் தினமும் இரண்டு பக்கெட் கொட்டினால் யார் சும்மா இருப்பார்கள்?

"இன்னா மாமே, தெனமும் ஞானஸ்நானமா?" என்று பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு பீடியை ஊதிக்கொண்டே கேட்பான்.

"பாவம் ஜாஸ்திப்பா. ஒரு முழுக்குல போவ மாட்டேங்குது" என்பான் அருமைநாதன்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். உள்ளே இருக்கிற சலோமிக்குச் சிரிப்பு வராது. அவளுக்கு வயிற்றில் நாலு மாதம். கோணிப்பைத் துணியைக் கையால் தொடாமல் குச்சியில் தூக்கித் தனி வாளியில் ஊறவைத்து, தனிக் கொடியில் காயப்போட்டு, பத்து மாதமாக அவள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும். சுரங்கத்துக்குப் போகிறவன் உடம்பில் மண் ஒட்டும், எண்ணெய் ஒட்டும். அதற்கெல்லாம் எந்தப் பெண்டாட்டியும் பயப்பட மாட்டாள். சலோமி பயந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு.

அதன் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அருமைநாதன்தான்.

அவன் பதினொரு வருஷம் ஸ்டோப்பில் வேலை பார்த்தவன். பாறையை வெடிவைத்துத் தகர்த்துத் தங்க மண் அள்ளுகிற பொந்துதான் ஸ்டோப். அது சரிந்துவிடாமல் மரத்தடிகளை அண்டக் கொடுக்கிற வேலை அவனுடையது. கம்பெனியில் பெரிய மேஸ்திரிகூட அவனைக் கேட்டுத்தான் எங்கே கட்டை வைப்பது என்று முடிவு செய்வார். அந்தக் காலத்தில்தான் பம்பாயிலிருந்து படித்தவர்கள் சிலர் வந்து இறங்கினார்கள். ஏழாயிரம் அடிக்கும் கீழே, தங்கம் தீர்ந்துபோன ஒரு சுரங்கப் பாதையைக் கேட்டு வாங்கி, அதில் ஆள் உயரக் கண்ணாடிக் குழல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கினார்கள். தங்கக் குழிக்குள் இறங்கி வந்து தங்கம் வேண்டாம் என்கிற ஆட்களை ஊர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. அந்த இடத்துக்குப் 'பம்பாய் ரூம்' என்று பெயர் விழுந்தது. ஒத்தாசைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டபோது மேஸ்திரி அருமைநாதனைக் கைகாட்டினார்.

சலோமி அன்றைக்குச் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஸ்டோப்பை விட்டு ஒருவன் உயிரோடு வேறு வேலைக்குப் போவது சும்மாவா? குழல்களைத் துடைப்பதும், பிலிம் பெட்டியை மேலே தூக்கி வருவதும் அவனுக்கு விளையாட்டுப் போல இருந்தது. வைகாசியில் ஒருநாள், செய்தித்தாளில் சுற்றிய ஜிலேபியோடு வந்தான்.

"ஆப்ட்டுக்குச்சு ம்மே."

"இன்னாது? தங்கமா?"

"அத்த உடு. நூட்ரினோ. ஆறு மாசமா உக்காந்து கெடக்கறாங்கோ, இன்னிக்குத்தான் ஒண்ணு வந்துகீது. தேஷ்முக் சார் அழுதுட்டாரு தெரியுமா? எனக்கு ஜிலேபி ஊட்டி உடறாரு, என் கையெல்லாம் எண்ணெ."

"ஒண்ணே ஒண்ணுக்கா இம்மா ஆட்டம்?"

"அது தூசியிலயும் தூசி. எதுலயும் முட்டாது, நிக்காது. செவுரு, மல, பூமி, எல்லாத்தையும் ஊடுருவிக்கினு அந்தாண்ட போய்க்கினே இருக்கும். சூரியன்லருந்து வருதாம், ஆகாசத்துலருந்து வருதாம். கோடியில ஒண்ணு கல்லுல மோதிச்சுன்னா, குழல்ல பளிச்சுன்னு ஒரு கோடு. அவ்ளோதான். ந்தா, என் உடம்புக்குள்ளகூட இப்பப் போய்க்கினு கீது. ஒரு நிமிஷத்துக்குக் கோடி கோடியா."

டீக்கடையிலும் சொன்னான், குழாயடியிலும் சொன்னான். எழுதப் படிக்கத் தெரியாத தன் உடம்புக்குள் இத்தனை பெரிய சமாச்சாரம் நடக்கிறதே என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது சலோமிக்கு ஏழு மாதம். ஆடியில், காற்றடிக்கிற வாரத்தில், பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். அருமைநாதன் தன் துண்டில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்தி, கல்லறைக்கு நடந்தே கொண்டுபோனான். சலோமிக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். அந்த வாசனை வந்தாலே இப்போதும் அவள் எழுந்து போய்விடுவாள்.

மூன்றாம் வீட்டுக் கனகாம்பா கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டாள். நல்ல மனசுக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"நான் சொல்றேன்னு நெனச்சுக்காத. உன் ஊட்டுக்காரன் சொன்னான் இல்ல, என்னமோ உடம்புல பூந்து போவுதுன்னு? ஆம்பள உடம்பு தாங்கும். அதயே தூக்கிக்கினு வந்து உன் பக்கத்துல படுத்தா, பச்ச மண்ணு தாங்குமாடி?"

கொடி சுற்றிக்கொண்டது என்றால் யாரைக் கேட்பது? யாரிடம் சண்டை போடுவது? கனகாம்பா சொன்னதைச் சலோமி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் தங்கம் பிரித்தபின் மலைபோல் குவிந்து கிடக்கிற சைனைடு மண், ஆடிக் காற்றில் பறந்து வந்து சோற்றில் நறநறக்கிற மண், அதைப் பார்த்து அவள் பயப்படவில்லை. அது பிறந்ததிலிருந்து பார்க்கிற மண். பயம் எல்லாம் புதிதாக வந்ததன் மேல்தான்.

அன்று தொடங்கியதுதான் கோணிப்பையும் இரண்டு பக்கெட்டும். அருமைநாதன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்ன சொன்னாலும் செய்யலாம் என்றிருந்தான். ஆனால் மறுபடி வயிற்றில் தங்கியதும் சலோமிக்குத் தண்ணீர் மட்டும் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, களி கிண்டி, ஆட்டுக்குடல் போட்டிக் குழம்பு ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த ரூமுக்குக் கதவு எத்தினி?"

"ரெண்டு. எதுக்கு?"

"மரமா, இரும்பா?"

"இரும்பு."

"ஒண்ண மூடிட்டுத்தான் இன்னொண்ணத் தொறக்கணுமா?"

அருமைநாதன் களியை உருட்டினபடியே இருந்தான். அவள் எங்கே வருகிறாள் என்று தெரிந்துவிட்டது. சலோமியின் அப்பா மருந்து ரூம் காவல்காரர். சுரங்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. அதைப் பூமிக்கடியில் இரண்டு இரும்புக் கதவுக்குப் பின்னால்தான் வைப்பார்கள், ஒன்றை மூடாமல் இன்னொன்றைத் திறக்கக்கூடாது. இடது கையில் இரண்டு விரலை அந்த ரூமுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

"எங்கப்பா சொல்லும், கீழ ரெண்டு கதவு போட்டா உள்ள கீறது ஆள முழுங்கறதுன்னு. ஒண்ணும் பண்ணாத பொருளுக்கு எதுக்குய்யா ஏழாயிரம் அடி பள்ளம்? எதுக்கு ரெண்டு கதவு?"

"அது எல்லார் உடம்புலயும்தான் போவுது சலோமி. உன்னுதுலயும்தான்."

"யாரு சொன்னாங்கோ?"

"சார்தான்."

"அப்ப கதவு எதுக்குன்னு அவர்கிட்டக் கேட்டியா?"

அவன் கேட்டதில்லை. பதினொரு வருஷம் சுரங்கத்தில் இருந்தவனுக்கு இரண்டு இரும்புக் கதவு என்றால் மருந்துதான். அவனும் முதல்நாள் அந்தக் கதவைப் பார்த்து மடியிலிருந்த தீப்பெட்டியை வெளியே வைத்துவிட்டுத்தான் போனான்.

"கேளுய்யா. உனக்கு வாய் இல்லியா?"

"எப்டிம்மே கேக்கறது? என் புள்ள செத்துச்சு, உங்க மிஷினாலயான்னு கேக்கறதா? தம்பி மாதிரி வச்சுக்கினு கீறாரு. தன் டப்பாவுலருந்து எனக்குச் சப்பாத்தி குடுக்கறாரு."

"சப்பாத்திக்குப் புள்ளயக் குடுக்கறியா?"

சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். அருமைநாதன் எழுந்து கையைக் கழுவினான். தட்டில் களி பாதி கிடந்தது.

"இது தங்கணும்" என்றாள் சலோமி வயிற்றில் கைவைத்து. அழுகை வந்துவிட்டது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இது அழுவற சத்தம் நான் கேக்கணும். நீ ஸ்டோப்புக்கே போயிடு. பதினோரு வருசம் ஒண்ணும் ஆவல இல்ல? அங்க இன்னா கீதுன்னு நமக்குத் தெரியும். இங்க இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் வெகுநேரம் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஆபீஸுக்குப் போய்ப் பழைய வேலையே கொடுங்கள் என்று கேட்டுவிட்டான். ஸ்டோப்பிலிருந்து மாற்றிக்கொடு என்று காலில் விழுகிறவர்களைப் பார்த்திருந்த கிளார்க், இவனை ஏற இறங்கப் பார்த்தாராம்.

பம்பாய் ரூமில் கடைசி நாள். காக்கிச் சட்டையைக் கழற்றியபோது சலோமி, "தூக்கி எறி அத்த" என்றாள்.

"நல்ல சட்ட ம்மே. கெடக்கட்டும்" என்று கோணிப்பைக்குள் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டி, முருங்கைக் கிளையில் மாட்டினான்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். சலோமி அந்த ஐந்து வாரத்தைத்தான் இன்றைக்கும் எண்ணி எண்ணிப் பார்க்கிறாள். அருமைநாதன் முன்வாசல் வழியாக, உடம்பெல்லாம் சேறும் வேர்வையுமாக, ராஜா மாதிரி உள்ளே வந்தான். துரைக்கண்ணுவுக்குக் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. குளித்தும் குளிக்காமலும் வந்து அவள் வயிற்றில் காதை வைத்து, "உதைக்கிறான் ம்மே" என்றான். அவளுக்கு முகம் தெளிந்தது. கனகாம்பாவிடம், "நீ சொன்னது நல்லதாப் போச்சுக்கா" என்று ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

ஆனி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சலோமி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரை ஒரு தூக்குத் தூக்கிக் கீழே போட்டது. பரணில் இருந்த அண்டா உருண்டது. அப்புறம்தான் சத்தம் வந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடிப்பதற்கு அங்கே ஏர் பிளாஸ்ட் என்று பெயர். எந்தக் குழந்தையும் அந்தப் பெயரைச் சொல்லும். லைன் வீடுகளில் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. பெண்கள் எல்லோரும் ஒரே திசையில் ஓடினார்கள். சலோமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கனகாம்பா கூடவே ஓடிவந்து அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி வாசலில் பலகையில் மாட்டிவிட்டுப் போவான், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆட்களோடு கூண்டு ஏறி வர வர வில்லைகள் குறைந்தன. ஒவ்வொருத்தி கையும் ஒவ்வொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. பொழுது சாய்ந்தபோது பலகையில் ஏழு வில்லைகள் இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு அதில் ஒன்று. அது அருமைநாதனுடையது.

மறுநாள் மத்தியானம் கொண்டுவந்தார்கள். பெட்டியை ஆணியடித்துத்தான் கொடுத்தார்கள். திறக்கச் சொல்லிச் சலோமி கேட்டாள். பெரிய மேஸ்திரி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, "வேணாம் கண்ணு. அவன் சிரிச்சா மாதிரியே உன் மனசுல இருக்கட்டும்" என்றார். பிள்ளையை வைத்த குழிக்குப் பக்கத்திலேயே அவனையும் வைத்தார்கள்.

ஊர் தன் பங்குக்குப் பேசியது. பம்பாய்க்காரர்கள் பூமிக்குள் எதையோ பிடித்து அடைத்தார்கள், அதனால்தான் பூமி உதறிக்கொண்டது என்று டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டபோது சலோமிக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. திட்டுவதற்கு ஒருவன் இருந்தால் நெஞ்சு அவ்வளவு கனக்காது.

மூன்று வாரம் கழித்து, ஆடிக் காற்று தொடங்கிய ஒரு மத்தியானம், தேஷ்முக் வந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். மூன்று வருஷமாக ஊரோடு பழகியதில் தமிழ் பேசுவார். கையில் அருமைநாதனின் டிபன் டப்பாவும் ஒரு காகித உறையும் இருந்தன. பாயில் உட்கார்ந்தார். சலோமி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது அங்கியே இருந்துச்சு. அவன் மறந்துட்டான்" என்று டப்பாவை வைத்தார். உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். "இதுவும் அவனோடது. வீட்டுல காட்டணும், ஒண்ணு குடு சார்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னேன்."

சலோமி வாங்கிப் பார்த்தாள். முழுக்கக் கறுப்பு. நடுவில் சாய்வாக ஒன்பது பத்து வெள்ளைப் புள்ளிகள். அரிசியில் நாலு மணி சிதறினால்கூட இதைவிட அதிகமாகத் தெரியும்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா."

"இது பூமிய இன்னா பண்ணும் சார்?"

"ஒண்ணும் பண்ணாது. பூமின்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிடும். ஏர் பிளாஸ்ட் அதனாலன்னு ஊர்ல பேசறாங்க, எனக்குத் தெரியும். இல்லம்மா. அது கல்லோட பாரம். இந்தக் குழி தோண்டின நாள்லருந்து நடக்குது. நாங்க வர்றதுக்கு முன்னாலயும்தான்."

"மனுசாள? வயித்துல கீற புள்ளய?"

தேஷ்முக் அவள் வயிற்றைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்பவும் போயிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க வழியா, குழந்தை வழியா, என் வழியா. ஆதாம் ஏவாள் காலத்துலருந்து எல்லார் வழியாவும். கீழ இருக்கறவங்களுக்கு ஒரு அளவு, மேல இருக்கறவங்களுக்கு ஒரு அளவுன்னு கிடையாது. யாரையும் ஒண்ணும் பண்ணினது இல்ல."

காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. சலோமி, அருமைநாதன் கேட்காமல் போனதைக் கேட்டாள்.

"அப்ப எதுக்கு சார் ரெண்டு இரும்புக் கதவு?"

"கதவா?" அவருக்கு முதலில் புரியவில்லை. "இருட்டுக்கும்மா. குழல்ல வர்ற வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம், அதை போட்டோ புடிக்கணும். வெளிய போறவங்க தலை லைட்டு உள்ள விழுந்தா பிலிம் கெட்டுடும். ஒண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொறந்தா வெளிச்சம் வராது. தூசியும் வராது. அதுக்குத்தான்."

"அம்மாம் ஆழம் எதுக்கு?"

"ஆகாசத்துலருந்து வேற சின்னச் சின்னது மழை மாதிரி கொட்டிக்கிட்டே இருக்கு. மேல இருந்தா அதுல இது தெரியாது. கல்லுக்குக் கீழ போனா அதெல்லாம் நின்னுடும், இது ஒண்ணுதான் வரும். நாங்க ஒளிஞ்சுக்கிட்டோம்மா. எதையும் ஒளிச்சு வைக்கல."

சலோமி தலையை ஆட்டினாள். இருட்டுக்கு. இவ்வளவுதானா? ஒரு வார்த்தை. ஒரு மனிதன் வாயைத் திறந்து கேட்டிருந்தால், ஒரு வார்த்தையில் வந்திருக்கும்.

"அன்னிக்கு அந்த ரூமு இன்னா ஆச்சு?"

தேஷ்முக் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், சொல்லு சார்."

"அது கெட்டிப் பாறைம்மா, வேற பக்கம். கொஞ்சம் ஆடுச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு குழல்கூட உடையல."

சலோமி அழவில்லை. அழுகை எல்லாம் அப்போது எங்கே போனதோ.

"அவன் என்மேல கோவமாப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் தேஷ்முக். "ஏன் போறேன்னு அவனும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டா தப்பா நெனப்பானோன்னு விட்டுட்டேன். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனாம்மா?"

சலோமி சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"உன்மேல கோவம் இல்ல சார். உன்கிட்டக் கேக்கறதுக்கு வெக்கப்பட்டுச்சு. நான்தான் போவச் சொன்னேன். புள்ளைக்கு ஆவாதுன்னு, நான்தான் ஸ்டோப்புக்கு அனுப்பிச்சேன்."

தேஷ்முக் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டத் தடுமாறி, போனார்.

அவர் தலை மறைந்ததும் கனகாம்பா வந்தாள்.

"இன்னாடி சொல்லிட்டுப் போறான் அந்தப் படுபாவி?"

சலோமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கஞ்சி ஊட்டின கை. ஷாஃப்ட் வாசலில் இரண்டு நாள் தன்னைத் தாங்கிப் பிடித்த கை. இவளைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

"ஒண்ணும் இல்லக்கா. டப்பாவக் குடுத்துட்டுப் போறாரு."

கனகாம்பா போன பிறகு சலோமி பின்பக்கம் வந்தாள். முருங்கைக் கிளையில் கோணிப்பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குச்சியைத் தேடவில்லை. கையாலேயே முடிச்சை அவிழ்த்துச் சட்டையை எடுத்தாள். பழக்கத்தில் வாளிப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். பத்து மாதம் ஒன்று விடாமல் அடித்துத் துவைத்த துணிகளில், துவைக்காமல் தங்கியது இது ஒன்றுதான். முகத்தில் வைத்துக்கொண்டாள். அவன் வேர்வையும் பீடியும் இன்னும் அதில் இருந்தன. அப்போதுதான் அழுகை வந்தது. மரத்தடியிலேயே, அவன் தினமும் நின்று குளித்த கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

உள்ளே பிள்ளை புரண்டது. அழுகிற அசைவில் விழித்திருக்க வேண்டும். சலோமி மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டையை விரித்து வயிற்றின் மேல் போர்த்தினாள்.

"உங்கப்பன் சட்ட கண்ணு" என்றாள். "பயப்படாத. ஒண்ணும் பண்ணாது."